24,000-க்கு போர்டு, கேபினட்டோடு சும்மா வரும் எஸ்.எம்.பி.எஸ்.: இந்தப் பட்டியல் சரியா?

காரமடைக்காரன் | திங்கள், இரவு 9.40

வணக்கம். கல்யாண வீடியோ, போட்டோ எடிட்டிங்தான் என் தொழில். இப்போது ஓடுவது 2014-இல் வாங்கிய கம்ப்யூட்டர். ஒரு வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டு மேட்டுப்பாளையம் போய் டீ குடித்துத் திரும்பினாலும் பாதிதான் முடிந்திருக்கும். இந்த முறை நானே பாகங்களை வாங்கி மாட்டலாம் என்று இருக்கிறேன். கோவையில் ஒரு கடையில் எழுதிக் கொடுத்த பட்டியல் இது:

பிராசசர் ரைசன் 5 7600. போர்டு (மதர்போர்டு) எக்ஸ்870, 24,000 ரூபாய். டி.டி.ஆர்.5 ராம், 16 ஜிபி இரண்டு. கிராஃபிக்ஸ் கார்டு ஆர்.டி.எக்ஸ். 4060. எம்.2 எஸ்.எஸ்.டி. ஒரு டிபி. பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டையும் இதிலேயே மாட்டிக்கொள்வேன். கேபினட் கண்ணாடி வைத்தது, 3,200 ரூபாய். அதோடு 500 வாட் எஸ்.எம்.பி.எஸ். (எல்லா பாகங்களுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) சேர்ந்தே வருகிறது.

என் கேள்வி போர்டைப் பற்றித்தான். "போர்டு நன்றாக இருந்தால் பத்து வருஷம் ஓடும், அதில் மட்டும் கைவைக்காதீர்கள்" என்கிறார் கடைக்காரர். 24,000 கொடுக்கலாமா? இல்லை, 13,000-க்குக் கிடைக்கும் பி650எம் போதுமா?

இரவுக்கழுகு | திங்கள், இரவு 9.58

எக்ஸ்870 எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். பிராசசர் உட்காரும் ஏ.எம்.5 சாக்கெட்டை 2027 வரைக்கும், அதற்கு மேலும் வைத்திருப்போம் என்று ஏ.எம்.டி.யே சொல்லியிருக்கிறது. நாளைக்கு 16 கோர் பிராசசர் போடத் தோன்றினால்? மற்ற எதை மாற்றினாலும் பத்து நிமிஷ வேலை. போர்டை மாற்ற வேண்டுமானால் மொத்த வீட்டையும் பிரித்து மேய்ந்தது போலத்தான்.

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 10.20

கழுகார் சொல்லும் சாக்கெட் கணக்கு சரி. ஆனால் அது பி650எம்-க்கும் அப்படியே பொருந்துகிறதே! சாக்கெட் இரண்டிலும் ஒன்றுதான்.

எக்ஸ்870 என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் இருக்கும் சிப்செட் சில்லும் பி650-இல் இருக்கும் சில்லும் ஒன்றேதான். எக்ஸ்870இ என்று கடைசியில் 'இ' வந்தால்தான் அந்தச் சில்லு இரண்டு இருக்கும். எக்ஸ்870 போர்டில் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்றால், யு.எஸ்.பி.4 கட்டாயம் இருக்கும், கிராஃபிக்ஸ் கார்டுக்கான வாய் பி.சி.ஐ.இ. 5.0 என்ற வேகமான ரகமாக இருக்கும். நீங்கள் எழுதியிருக்கும் 4060-ஓ பி.சி.ஐ.இ. 4.0 கார்டு, அதிலும் 8 பாதைகளை மட்டும் பயன்படுத்துவது. எட்டு வழிச்சாலை போட்டு அதில் சைக்கிள் விட்ட கதை.

யு.எஸ்.பி.4 உங்களுக்கு எதற்கு? கேமரா கார்டை காப்பி பண்ணவா? எஸ்.டி. கார்டில் வேகமான யு.எச்.எஸ்.-2 ரகமே அதிகபட்சம் நொடிக்கு 312 எம்.பி. தான். சாதாரண 5 ஜிகாபிட் யு.எஸ்.பி. வாயே அதைத் தாங்கும்.

7600 பிராசசர் 65 வாட் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். நிஜத்தில் அது சாக்கெட்டிலிருந்து 88 வாட் வரை இழுக்கும். 1.2 வோல்ட் அளவில் அதைக் கொடுக்க 70 ஆம்பியருக்கு மேல் வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.-இலிருந்து வரும் 12 வோல்ட்டைக் குறைத்து இத்தனை ஆம்பியராக மாற்றுவது போர்டில் பிராசசரைச் சுற்றியிருக்கும் வி.ஆர்.எம். பகுதி. மேலே அலுமினிய வில்லை வைத்த எந்த பி650எம் போர்டும் 88 வாட்டை அலட்டிக்கொள்ளாமல் கொடுக்கும். 16 கோருக்குப் போகும்போது கதை வேறு, அங்கே 200 வாட்டுக்கு மேல் போகிறது. அப்படிப் போகிற எண்ணம் உண்மையிலேயே உண்டா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். 2014-இல் வாங்கியதில் இதுவரை பிராசசரை மாற்றினீர்களா?

காரமடைக்காரன் | திங்கள், இரவு 10.33

இல்லை. ராம் மட்டும் ஒருமுறை ஏற்றினேன்.

சால்டரிங் மாமா | திங்கள், இரவு 10.41

தம்பி, போர்டு எங்கேயும் ஓடிப்போகாது. அந்தச் சும்மா வருகிற எஸ்.எம்.பி.எஸ். இருக்கிறதே, அதன் பக்கவாட்டில் ஒரு லேபிள் ஒட்டியிருக்கும். நாளைக்குக் கடைக்குப் போய், அதில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு வாருங்கள். பின்பக்கம் சிவப்பாக ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரவுக்கழுகு | திங்கள், இரவு 10.44

மாமா வந்துவிட்டார். இனி போர்டைப் பற்றிப் பேசின மாதிரிதான்.

காரமடைக்காரன் | செவ்வாய், மாலை 6.15

போய்ப் பார்த்தேன் மாமா. லேபிளில் இருப்பது: 3.3 வோல்ட் 18 ஆம்பியர், 5 வோல்ட் 20 ஆம்பியர், 12 வோல்ட் 16 ஆம்பியர், மைனஸ் 12 வோல்ட் 0.5 ஆம்பியர், 5 வோல்ட் ஸ்டாண்ட்பை 2 ஆம்பியர். கீழே பெரிதாக 500 வாட். சிவப்பு சுவிட்ச் இருக்கிறது, 115 / 230 என்று. பிராசசருக்கு 4 பின் வாய் ஒன்று. கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தனி வாய் இல்லை. "கன்வெர்ட்டர் போட்டுத் தருகிறேன், எல்லாருக்கும் அப்படித்தான் போடுகிறோம்" என்றார்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், மாலை 6.40

பெருக்கிப் பார்ப்போம். 3.3 × 18 = 59. 5 × 20 = 100. 12 × 16 = 192. மிச்சம் இரண்டும் சேர்த்து 16. எல்லாவற்றையும் கூட்டினாலும் 367 வாட் தான் வருகிறது. மீதி 133 வாட் லேபிளின் பெயிண்டில் இருக்கிறது போல.

சால்டரிங் மாமா | செவ்வாய், இரவு 8.05

கணக்குப்பிள்ளை பாதியைச் சொல்லிவிட்டார். மீதிப் பாதிதான் முக்கியம். அந்த 367-லும் உங்களுக்கு உதவுவது 12 வோல்ட் வரிசையில் இருக்கும் 192 வாட் மட்டுமே.

காரணம் பழைய கதை. பெண்டியம் 3 காலத்தில் பிராசசருக்கான கரண்ட் பெரும்பாலும் 5 வோல்ட்டிலிருந்துதான் போனது. அதனால் அந்தக் காலத்து எஸ்.எம்.பி.எஸ்.-இல் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் கொழுத்திருக்கும். 2000-இல் பெண்டியம் 4 வந்தபோது அந்த முறை தாங்கவில்லை. 12 வோல்ட்டுக்கென்று தனியாக 4 பின் வாய் ஒன்றைச் சேர்த்தார்கள். அன்றிலிருந்து பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு, மின்விசிறி எல்லாம் 12 வோல்ட்தான். நீங்கள் பார்த்த லேபிளில் 5 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் கொடுத்துவிட்டு 12-க்கு 16 கொடுத்திருக்கிறான் என்றால், உள்ளே இருப்பது இருபது வருஷத்துக்கு முந்தைய டிசைன். மேல் தகரம் மட்டும் புதுசு.

உங்கள் தேவை? பிராசசர் 88, கிராஃபிக்ஸ் கார்டு 115. அதற்கே 203 ஆகிவிட்டது. போர்டு, ராம், இரண்டு ஹார்ட் டிஸ்க், மின்விசிறிகளுக்கு இன்னொரு 50 வையுங்கள். இந்தப் பெட்டி 192 கொடுப்பதே சந்தேகம், அதுவும் கோடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு.

இன்னொன்று. இந்த ரகத்தில் 5 வோல்ட்டையும் 12 வோல்ட்டையும் சேர்த்தே கட்டுப்படுத்துவார்கள். 12-இல் இழுப்பு ஏறி 5-இல் ஆளே இல்லை என்றால் ஒன்று தாழும், மற்றது ஏறும். ஏறுகிற 5 வோல்ட் போகும் இடத்தில்தான் உங்கள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. நான் 22 வருஷமாக ரிப்பேர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். தனியாகச் செத்தால் நல்ல சாவு, ஆயிரம் ரெண்டாயிரத்தோடு போகும். கூடவே போர்டையும் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். மூன்று முகூர்த்தத்தின் வீடியோ ஒரே டிஸ்க்கில் இருந்து, காப்பி எடுத்து வைக்காத ஒருவர் என் மேஜை முன்னால் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சிவப்பு சுவிட்ச் பற்றிக் கேட்டேனே, அது இருந்தால் ஆக்டிவ் பி.எஃப்.சி. (சுவரிலிருந்து கரண்டைச் சீராக இழுக்கும் பகுதி) இல்லை என்று அர்த்தம். வீட்டில் குழந்தை விளையாட்டாக அதை 115-க்குத் தள்ளி யாராவது ஆன் செய்தால் தீபாவளிதான். நல்ல எஸ்.எம்.பி.எஸ். 100-இலிருந்து 240 வோல்ட் வரை தானே சமாளித்துக்கொள்ளும், சுவிட்ச் இருக்காது.

கன்வெர்ட்டர் பேச்சையே எடுக்க வேண்டாம். எட்டு பின் வாய் 150 வாட் வரை கொண்டுபோக வேண்டியது. பழைய நான்கு பின் மோலெக்ஸ் ஒயரில் அதை ஒட்டுப்போட்டால் முதலில் இளகுவது அந்த வெள்ளை பிளாஸ்டிக்.

காரமடைக்காரன் | செவ்வாய், இரவு 8.30

பயமுறுத்திவிட்டீர்கள். இந்த டிஸ்க்குகளில் நான்கு வருஷ வேலை இருக்கிறது. அப்படியானால் போர்டில் குறைத்து எஸ்.எம்.பி.எஸ்.-இல் போட வேண்டும், அதுதானே?

மழைக்காலம் | செவ்வாய், இரவு 9.10

அதற்கு முன்னால் ஒரு கேள்வி, அண்ணா. எந்த கேமராவில் எடுக்கிறீர்கள்? நிறத் தகவல் அதிகம் பதியும் 10 பிட் 4:2:2-இல் பதிவு செய்வதுண்டா? நானும் வீடியோ எடிட் செய்பவள்தான், அதனால் கேட்கிறேன்.

காரமடைக்காரன் | செவ்வாய், இரவு 9.14

ஆமாம், போன வருஷம் கேமரா மாற்றியதிலிருந்து எல்லாமே 4:2:2 10 பிட், எச்.265. கலர் கரெக்‌ஷனுக்கு அதுதான் சுகமாக இருக்கிறது. ஆனால் டைம்லைனில் நகர்த்தினாலே திக்கித் திக்கித்தான் ஓடுகிறது.

மழைக்காலம் | செவ்வாய், இரவு 9.31

அப்படியானால் போர்டையும் எஸ்.எம்.பி.எஸ்.-ஐயும் விடுங்கள், பட்டியலின் முதல் வரியே மறுபரிசீலனைக்கு உரியது. அந்த 4:2:2 எச்.265-ஐ வன்பொருளிலேயே பிரித்துப் படிக்கும் வசதி ரைசன் 7600-க்குள் இருக்கும் கிராஃபிக்ஸில் இல்லை, ஆர்.டி.எக்ஸ். 4060-லும் இல்லை. இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் வேலை முழுவதும் பிராசசர் கோர்கள் தலையில்தான் விழும். இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் அதைச் செய்யும் (பெயர் முடிவில் 'எஃப்' இருந்தால் கிராஃபிக்ஸே இருக்காது, கவனம்). இல்லையென்றால் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை கார்டு செய்யும்.

உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, இன்டெல் 14-ஆம் தலைமுறை ஐ5, பி760 போர்டு. இரண்டு, இதே 7600-ஐ வைத்துக்கொண்டு 4060-க்குப் பதில் 5060. இதை முடிவு செய்த பிறகுதான் எந்த போர்டு என்ற பேச்சே வரும்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 9.50

அருமை. இரண்டு நாளாகச் சாக்கெட்டைப் பற்றிப் பேசினோம், வேலை என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

இன்டெல் வழியில் ஒரு சங்கடம். பி760 போர்டின் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட் 12, 13, 14-ஆம் தலைமுறைகளோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு வேறு சாக்கெட். கூடவே பி760-இல் டி.டி.ஆர்.4 எடுக்கும் போர்டும் உண்டு, டி.டி.ஆர்.5 எடுக்கும் போர்டும் உண்டு. பெயர் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், ஒன்றுக்கு வாங்கிய ராம் இன்னொன்றில் நுழையாது. வாங்குகிறவர் பெட்டியை இரண்டு முறை படிக்க வேண்டும்.

இரவுக்கழுகு | செவ்வாய், இரவு 10.02

5060-க்குப் போங்கள். அது பி.சி.ஐ.இ. 5.0 கார்டு. அப்போது எக்ஸ்870 சரியாகிவிட்டது பாருங்கள்!

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 10.06

விட மாட்டீர்களே. 5060-ம் 8 பாதைதான், பி.சி.ஐ.இ. 4.0 வாயில் போட்டாலும் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. அந்த 11,000 ரூபாயில் 5060-க்கு ஏறலாம், நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கலாம்.

காரமடைக்காரன் | புதன், காலை 7.20

5060 என்று முடிவு செய்துவிட்டேன், மழைக்காலத்துக்கு நன்றி. போர்டு பி650எம். ஆனால் அந்தப் பெயரிலேயே கடையில் ஏழெட்டு இருக்கின்றன, 10,500-இலிருந்து 16,000 வரை. எதைப் பார்த்து எடுப்பது?

கணக்குப்பிள்ளை | புதன், காலை 8.45

முதலில் எத்தனை எம்.2, எத்தனை சாட்டா (ஹார்ட் டிஸ்க் மாட்டும் வாய்) என்று எண்ணுங்கள். உங்களுக்கு இன்று எம்.2 ஒன்று, சாட்டா இரண்டு வேண்டும். நாளைக்கு இன்னொரு எம்.2 வரும், எடிட்டர்களுக்கு இடம் எப்போதும் போதாது. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2-ஐ மாட்டினால் சாட்டா வாய்களில் இரண்டு செத்துவிடும். கையேட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கையேடு நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது, வாங்கும் முன்பே அதைப் படியுங்கள். நான் ஒருமுறை படிக்காமல் வாங்கிவிட்டு, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று ஒரு நாள் முழுக்க ஒயரை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது, பின்பக்கம் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிக்கும் ஃபிளாஷ் பட்டன் இருக்கிறதா என்பது. 7600 எந்த பி650 போர்டிலும் நேராக ஓடும். ஆனால் பின்னால் 9000 வரிசை பிராசசரைப் போட நினைத்தால், பழைய ஸ்டாக் போர்டு அதை அடையாளம் காணாமல் இருக்கலாம். அந்தப் பட்டன் இருந்தால் பிராசசர் இல்லாமலே ஒரு பென் டிரைவை வைத்துப் புதுப்பித்துவிடலாம்.

ராம் வாய் நான்கா, இரண்டா என்பதில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். "இப்போது இரண்டு போட்டு, அப்புறம் இரண்டு சேர்த்துக்கொள்ளலாம்" என்பது டி.டி.ஆர்.4 காலத்துப் பேச்சு. டி.டி.ஆர்.5-இல் 7600-க்கு ஏ.எம்.டி. உறுதியளிக்கும் வேகம் இரண்டு ராமுக்கு 5200, நான்கு போட்டால் 3600. எக்ஸ்போவில் (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் வசதி) 6000 ஓடிக்கொண்டிருந்ததை நான்காக்கினால் படுத்துவிடும். 64 ஜிபி தேவைப்படும் என்று தோன்றினால் இன்றைக்கே 32 இரண்டாக வாங்குங்கள். நான்கு வாய் உள்ள போர்டில் இரண்டு ராம் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள்.

விளக்கு எரிகிறதா, போர்டு என்ன நிறம் என்பதெல்லாம் உங்கள் இஷ்டம்.

சால்டரிங் மாமா | புதன், மதியம் 1.10

பிள்ளை சொன்னதெல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: வாரண்டிக்கு எங்கே ஓட வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் ஊர் பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்கிற நிறுவனத்தின் போர்டு ஆயிரம் ரூபாய் அதிகம் என்றாலும் பரவாயில்லை. ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

காரமடைக்காரன் | புதன், மாலை 7.02

எஸ்.எம்.பி.எஸ்.-க்கு வருகிறேன். கடையில் இப்போது 850 வாட் கோல்டு எடு என்கிறார்கள். முந்தாநாள் சும்மா வருவதே போதும் என்றவர்கள்தான்!

இரவுக்கழுகு | புதன், மாலை 7.15

750-க்குக் குறையக் கூடாது. இன்றைய கிராஃபிக்ஸ் கார்டுகள் மில்லி நொடிக்குள் குதித்து இழுக்கும். அந்தக் குதியில் என் பழைய எஸ்.எம்.பி.எஸ். பலமுறை அணைந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை | புதன், மாலை 7.48

குதி உண்மைதான். பெரிய கார்டுகளில் அது தொல்லையானதால்தான் 2022-இல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதி, கிராஃபிக்ஸ் கார்டுக்கான புதிய 16 பின் வாய் வைத்த எஸ்.எம்.பி.எஸ்., அறிவித்த வாட்டின் இரண்டு மடங்கை 100 மைக்ரோ நொடிக்குத் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. ஆனால் நம்மவர் வாங்குவது 145 வாட் கார்டு. பிராசசர் 88, கார்டு 145, மற்றது 50: மொத்தம் 283. 5060-க்கு என்விடியாவே 550 வாட் போதும் என்கிறது. நல்ல 550 அல்லது 650. அதற்கு மேல் போவது, நாலு பேர் குடும்பத்துக்கு அண்டாவில் சோறு வைப்பது.

கோல்டா பிரான்ஸா என்பதற்கும் ஒரு கணக்கு. பாதிச் சுமையில் பிரான்ஸுக்கு 85 சதவீதத் திறன், கோல்டுக்கு 90. இது 115 வோல்ட்டில் சோதிக்கும் அளவு. உள்ளே 250 வாட் தேவை என்றால், சுவரிலிருந்து பிரான்ஸ் 294 இழுக்கும், கோல்டு 278. வேறுபாடு 16 வாட். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 6 யூனிட் மிச்சம். இதற்காகக் கோல்டு வாங்குகிறேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

சால்டரிங் மாமா | புதன், இரவு 9.00

பிரான்ஸ், கோல்டு எல்லாம் 80 பிளஸ் முத்திரையின் படிகள், அது திறனுக்கான முத்திரை. எவ்வளவு கரண்ட் வீணாகாமல் மாறுகிறது என்று மட்டும் சொல்லும். ஷார்ட் ஆனால் அணையுமா, சூடு ஏறினால் நிற்குமா, உள்ளே என்ன கண்டென்சர் இருக்கிறது என்பதையெல்லாம் அது சொல்லாது. இது தெரியாமல் பிரான்ஸ் என்று பார்த்ததும் கண்ணை மூடி வாங்குகிறார்கள்.

நான் பார்ப்பது இதுதான். 12 வோல்ட் வரிசையில் எழுதியிருக்கும் வாட், மொத்த வாட்டுக்குக் கிட்டத்தட்ட சமமாக இருக்க வேண்டும். 550 என்றால் 12 வோல்ட்டில் 45 ஆம்பியர் பக்கம். பாதுகாப்புகளில் ஓவர் கரண்ட், ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட், ஓவர் டெம்பரேச்சர் நான்கும் எழுதியிருக்க வேண்டும். மலிவானவற்றில் கடைசியது காணாமல் போகும். கண்டென்சர் 105 டிகிரி ரகமா என்று பாருங்கள். பத்து டிகிரி சூடு குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதனால் நம் ஊர் வெயிலுக்கு இது சின்ன விஷயமில்லை. வாரண்டி ஐந்து வருஷத்துக்குக் குறையக் கூடாது. தன் பொருளை நம்பாதவன்தான் ஒரு வருஷம் கொடுப்பான். கோல்டு வாங்கச் சொன்னால் அதற்கு நான் சொல்லும் காரணம் பில் இல்லை. பெரும்பாலும் அந்த ரகத்தில்தான் நல்ல உள்பாகங்களும் நீண்ட வாரண்டியும் சேர்ந்து வருகின்றன.

ஒயர்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் ரகம் வாங்கினால், வேறு எஸ்.எம்.பி.எஸ்.-இன் ஒயரை அதில் செருகவே செருகாதீர்கள். வாய் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே பின் வரிசை மாறியிருக்கும். டிஸ்க்குக்கு 5 வோல்ட் போகும் இடத்தில் 12 போய்விடும். அந்த வகையில் செத்த டிஸ்க்குகள் என் கடையில் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன.

அப்புறம் பல்லி. சிரிக்காதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். அணைந்த பிறகும் கதகதப்பாக இருக்கும், பல்லிக்கு அது பிடிக்கும். பின்பக்கம் திறந்து கிடக்கும் எக்ஸ்பான்ஷன் தகடுகளை மூடுங்கள்.

மழைக்காலம் | புதன், இரவு 9.20

வீட்டில் இன்வெர்ட்டரா, யு.பி.எஸ்.ஸா அண்ணா?

காரமடைக்காரன் | புதன், இரவு 9.26

இன்வெர்ட்டர். கரண்ட் போனால் பழைய கம்ப்யூட்டர் சில சமயம் தாங்கும், சில சமயம் அணைந்துவிடும். விதி என்று விட்டுவிட்டேன்.

சால்டரிங் மாமா | புதன், இரவு 9.55

விதி இல்லை, மில்லி நொடி. கரண்ட் போய் இன்வெர்ட்டர் கைக்கு மாறும் இடைவெளியில் எஸ்.எம்.பி.எஸ். தன் பெரிய கண்டென்சரில் சேர்த்து வைத்ததை வைத்து ஓட்ட வேண்டும். ஏ.டி.எக்ஸ். விதி கேட்பது சுமார் 16, 17 மில்லி நொடி. மலிவானதில் அந்தக் கண்டென்சரே சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். சுமை குறைவாக இருந்தால் தாங்கும், ரெண்டர் ஓடும்போது என்றால் போயே போச்சு. உங்கள் "சில சமயம்" என்பதன் ரகசியம் இதுதான்.

இன்வெர்ட்டர் பின்னாலோ முன்னாலோ ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், யு.பி.எஸ். ஒரு பக்கம், நார்மல் அல்லது ஈகோ மறுபக்கம். யு.பி.எஸ். பக்கம் வையுங்கள், மாறும் நேரம் வெகுவாகக் குறையும். வோல்டேஜ் ரொம்ப இறங்கினாலும் அது பேட்டரிக்கு மாறிவிடும் என்பதால் பேட்டரி கொஞ்சம் அதிகம் உழைக்கும். அதற்குத் தயாராக இருங்கள்.

முக்கியமாக, அது ப்யூர் சைன் வேவ் இன்வெர்ட்டரா? ஸ்கொயர் வேவ் என்றால் ஆக்டிவ் பி.எஃப்.சி. எஸ்.எம்.பி.எஸ்.-க்கும் அதற்கும் சில நேரம் ஒத்துப்போகாது. உறுமும், அணையும். தனி யு.பி.எஸ். வாங்குவதானால் வி.ஏ. எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 வி.ஏ. பெட்டி 360 வாட் தான் கொடுக்கும், அதில் மானிட்டரையும் சேர்க்க வேண்டும்.

காரமடைக்காரன் | புதன், இரவு 10.10

சைன் வேவ்தான், பெட்டியில் போட்டிருக்கிறது. சுவிட்ச் ஈகோவில் இருந்தது! இத்தனை வருஷம் யாரும் சொல்லவில்லை. மாற்றிவிட்டேன்.

காரமடைக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 3.35

எல்லாம் வந்துவிட்டது. பி650எம், 12,800, எம்.2 இரண்டு, சாட்டா நான்கு, பின்பக்கம் ஃபிளாஷ் பட்டன், எம்.2 போட்டாலும் சாட்டா சாகாது (கையேட்டைப் படித்தேன் பிள்ளை!). 650 வாட் கோல்டு, 12 வோல்ட்டில் 54 ஆம்பியர், ஏழு வருஷ வாரண்டி. காலை ஒன்பது மணியிலிருந்து மாட்டினேன்.

இப்போது அவசரம். ஆன் செய்தால் மின்விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை கருப்பு. மூன்று முறை அணைத்துப் போட்டுவிட்டேன். போர்டு போய்விட்டதா?

மழைக்காலம் | ஞாயிறு, பிற்பகல் 3.38

அணைக்காதீர்கள்! ஏ.எம்.5 போர்டு முதல் முறை ராமைப் பழக்கிக்கொள்ள நேரம் எடுக்கும். சில நிமிஷங்கள் திரையில் எதுவுமே வராது. நீங்கள் நடுவில் அணைத்தால் முதலிலிருந்து தொடங்கும். ஆன் செய்துவிட்டு எழுந்து போய் ஒரு காபி போடுங்கள்.

கணக்குப்பிள்ளை | ஞாயிறு, பிற்பகல் 3.41

காபிக்குப் பிறகும் வரவில்லை என்றால் கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் ஒயரைப் போர்டிலேயே மாட்டிப் பாருங்கள். 7600-க்குள் சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் இருக்கிறது, இப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் அது. பிராசசருக்கான 8 பின் ஒயர் மேல் மூலையில் முழுசாக உட்கார்ந்திருக்கிறதா?

காரமடைக்காரன் | ஞாயிறு, மாலை 4.20

வந்துவிட்டது! காபி ஆறுவதற்குள் பயாஸ் திரை வந்தது. எக்ஸ்போவையும் ஆன் செய்தேன், மறுபடி ஒரு நிமிஷம் கருப்பு, அப்புறம் 6000 காட்டுகிறது.

ஆனால் இன்னொரு தொல்லை. கேபினட்டின் தகரத்தைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது. செருப்பு போட்டிருந்தால் தெரியவில்லை. புது எஸ்.எம்.பி.எஸ்.-இல் லீக்கேஜா? திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

சால்டரிங் மாமா | ஞாயிறு, மாலை 5.05

எஸ்.எம்.பி.எஸ்.-ஐத் திருப்பாதீர்கள், பிளக் பாயிண்ட்டைப் பாருங்கள். எர்த் வரவில்லை.

எல்லா எஸ்.எம்.பி.எஸ்.-இலும் உள்ளே வரும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கண்டென்சர்கள் இருக்கும், ஒன்று பேஸிலிருந்து தகரத்துக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து தகரத்துக்கு. எர்த் இருந்தால் அந்தத் துளி கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் தகரம் நடுவில் தொங்கும், 230-இல் பாதி, 115 வோல்ட் பக்கம். மல்டிமீட்டர் இருந்தால் வைத்துப் பாருங்கள். கரண்ட் மிகக் கொஞ்சம் என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் எர்த் இல்லாத வீட்டில் வேறு ஏதாவது பொருள் நிஜமாகவே ஷார்ட் ஆனால் அப்போது நிற்காது. நல்ல எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மூன்று பின் பிளக்கை இரண்டு பின்னாக்கும் கன்வெர்ட்டர் எங்காவது நடுவில் இருந்தால் தூக்கி எறியுங்கள்.

காரமடைக்காரன் | திங்கள், இரவு 8.15

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். அந்த அறையின் சுவிட்ச் போர்டில் பச்சை ஒயரை எதிலும் மாட்டாமல் சுருட்டி உள்ளே வைத்திருக்கிறார்கள், வீடு கட்டிய நாளிலிருந்து! இழுத்து மாட்டினார், கேபினட் இப்போது அமைதி. அவர் குழியையும் பார்த்துவிட்டு, காய்ந்து கிடக்கிறது, தண்ணீர் ஊற்றுங்கள் என்றார்.

டைம்லைன் வெண்ணெய் போல நகர்கிறது. நேற்று இரவு ரெண்டர் போட்டபோது கரண்ட் போனது. மானிட்டர் ஒரு சிமிட்டு சிமிட்டியதோடு சரி.

கேபினட்டோடு வந்த அந்த எஸ்.எம்.பி.எஸ்.-ஐக் கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். பெட்டியோடு சும்மா கிடக்கிறது. என்ன செய்யலாம்?

இரவுக்கழுகு | திங்கள், இரவு 8.22

பேப்பர் வெயிட்.

சால்டரிங் மாமா | திங்கள், இரவு 8.50

கோவை வரும்போது கொண்டுவாருங்கள் தம்பி. ஆறு வோல்ட், பன்னிரண்டு வோல்ட் பொம்மை எல்லாம் ரிப்பேருக்கு வருகிறது, மின்விசிறியும் ஒயர்களும் எனக்கு உதவும். அந்தச் சிவப்பு சுவிட்ச்சை மட்டும் முதலில் பெவிகுவிக் போட்டு 230-இலேயே ஒட்டிவிடுங்கள்; வழியில் பஸ்ஸில் யார் கையாவது படும்.